கஸ்பாரே விர்ட்சியின் பெருவிரல்

1995 நவம்பர் 27, திங்கள்

காலையில் கிழவருக்குச் சவரம். இடது தாடையில் ஒரு மச்சம் இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் கத்தியை இழுக்கிறேன். இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை. பதினான்கு மாதமாக ஒரு கீறல் இல்லை. மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பத்தொன்பது வருடம் இலிகிதராக இருந்து ஒரு காணிக் கோப்பையும் தொலைக்காதவன், இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில், ஒரு நாலாம் மாடியில் ஒரு கிழவரின் தாடையை வழிக்கிறேன். நல்ல உத்தியோக உயர்வு.

கிழவர் பெயர் கஸ்பாரே விர்ட்சி. வயது எண்பத்திரண்டு. நாற்பது வருடம் நியூயோர்க்கில், புறூக்ளினில் இருந்தவர். அதில் கடைசி ஒன்பது வருடம் சிறை. பிறகு நாடு கடத்தி இங்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் என்ன செய்தார் என்று இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. வருகிற ஆட்கள் அவர் கையை முத்தமிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருக்கிறார்கள், அதிலேயே விளங்கும். ஜோக்கிம் என்ற என் பெயர் அவர் வாயில் நிற்காது, என்னை ஜாக் என்பார். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை ஆங்கிலம். அவருடையது தெரு ஆங்கிலம், என்னுடையது கச்சேரி ஆங்கிலம். இந்தக் கொப்பியில் எல்லாரும் என் தமிழில்தான் கதைப்பார்கள். வேறு எப்படி எழுதுவது?

மத்தியானம் றமேஸ் வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான், ஆனால் சட்டமெல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். "அண்ணை, புதுச் சட்டம் வந்திட்டுது. முதலாளி கையெழுத்து வைச்ச கடதாசி ஒண்டை மார்ச் முடியிறதுக்குள்ள குவெஸ்தூராப் பொலிஸிட்டைக் குடுத்தா பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கு அனுமதி, தருவாங்கள். பெர்மெஸ்ஸோ கையில வந்தா கிளறா அக்காவைக் கூப்பிடலாம்."

ஒரு கையெழுத்து. என் சீவியத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்து வாங்கியிருப்பேன்!

டிசம்பர் 3, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்த பிறகு பாதர் என் மனுசி கிளறாவின் கடிதத்தைத் தந்தார். ஒருவர் கை மாறி ஒருவர் கையாக ஏழு கிழமை பயணம் செய்து வந்திருக்கிறது. மடு மாதா கோவில் வளவிலேயே இன்னும் அகதிக் கொட்டிலில் இருக்கிறாள். மழைக்கு மேலே கட்டிய தறப்பாள் கிழிந்துவிட்டதாம். காய்ச்சல் வந்து போய்விட்டதாம். 'போய்விட்டது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். நான் பயப்படக்கூடாதாம். கோடு போட்டபடியால்தான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5

சின்யோரா அகாத்தாவிடம் கேட்டேன். கிழவரின் சகோதரி மகள், வீடும் சமையலும் என் சம்பளமும் அவள் பொறுப்பு. கேட்டு முடிக்கவில்லை, கையை உயர்த்திவிட்டாள். "என்ரை மனுசன் சிறையில. எங்கட பேரில ஒரு கடதாசியும் போகக்கூடாது எண்டு வக்கீல் சொல்லியிருக்கிறார். மாமாவைக் கேள்."

வேறு வீடு தேடலாம். இந்த வீட்டில் வேலை செய்தவனை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? பெயரைச் சொன்னவுடன் கதவைச் சாத்துவார்கள். கேட்டுப் பார்த்தும் விட்டேன், மூன்று வீடு.

டிசம்பர் 10, ஞாயிறு

இன்று கேட்டேன். நல்ல நேரம் பார்த்து, சவரம் முடித்து, முகத்துக்குச் சுடு துவாய் போட்ட பிறகு. படிவத்தை அவர் முழங்காலில் வைத்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். கிழவர் கனநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

"ஜாக், நான் ஒண்டிலயும் பேர் போடுறேல்லை. அதாலதான் உயிரோட இருக்கிறன்."

சின்யோரா பிறகு குசினியில் ஒரு பழைய பேப்பர்த் துண்டைக் காட்டினாள். அமெரிக்கப் பேப்பர். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, என்றாலும் அதைத் புனிதர் படம் மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறாள். 'வெள்ளைத்தாள் விர்ட்சி' என்று பட்டம் வைத்து எழுதியிருந்தது. இருபத்தைந்து வருடம் அவர் வீட்டையும் கடையையும் துழாவினார்களாம், அவர் கையால் எழுதிய ஒரு எழுத்தும் கிடைக்கவில்லையாம். ஒரு காசோலை இல்லை, ஒரு கடிதம் இல்லை. மற்றக் கும்பல் தலைவர்மார் எல்லாம் ஏதோ ஒரு துண்டில் மாட்டினார்கள், இந்த மனிதனின் தந்திரத்துக்கு ஈடு இல்லை என்று எழுதியிருந்தது. கடைசிப் பந்தியில், அவர் சொல்லில் செத்தவர்கள் என்று நம்பப்படுகிறவர்கள் பதினொரு பேர்.

பதினொரு பேர். அந்த வாயைத்தான் தினமும் துடைத்துவிடுகிறேன். ஆண்டவரே, நான் என்ன செய்ய?

டிசம்பர் 26

நத்தார்ப் பண்டிகையை முன்னிட்டு இரண்டு பேர் கனோலி பலகாரத் தட்டோடு வந்தார்கள். கையை முத்தமிட்டார்கள். இளையவன் மடித்த கடதாசி ஒன்றை எடுத்து, "டொன் கஸ்பாரே, பாத்திட்டு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொன்னால் போதும்" என்றான்.

கிழவர் வாங்கினார், பார்த்தார், மடித்தார். பக்கத்தில் எரிந்த அடுப்பில் வைத்தார். "கடதாசி கதைக்கக் கூடாது. நீ கதை." இரண்டு பேரும் பிரசங்கம் கேட்டவர்கள் மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

நான் கோப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். கிழவர் அந்தக் கடதாசியைப் பார்த்த விதம்... எங்கேயோ பார்த்த பார்வை. எங்கே?

1996 ஜனவரி 7, ஞாயிறு

எங்கே என்று பிடிபட்டுவிட்டது. கச்சேரியில்!

கிழவரின் பிறந்தநாள். சின்யோரா ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்க நானும். கடைக்காரன் சாப்பாட்டு அட்டையை நீட்ட, கிழவர் அதைப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு ஜாக், உனக்கும் இத்தாலியன் பழக வேணும்."

ஒவ்வொரு நாள் காலையும் அதுதான். பேப்பரைக் கையில் வைத்திருப்பார், பிறகு "வாசி, உனக்குப் பழக்கம் வரட்டும்" என்பார். நானும், கிழவருக்கு என்னில் எவ்வளவு கரிசனை என்று நினைத்தேன். மருந்துக் குளிசையை நிறத்தால் மட்டும் கேட்பார். போன மாதம் மருந்துக் கடைக்காரன் வேறு நிறத்தில் தந்தபோது, பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயர் இருக்க, இது என்ன என்று என்னைத்தான் கேட்டார்.

வாசிக்கிறவனின் கண் வரியில் ஓடும். இவர் கண் கடதாசியின் நடுவில் நிற்கிறது. படத்தைப் பார்ப்பதுபோல முழுக்கடதாசியையும் பார்க்கிறார். காணி உறுதிப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆட்கள் குறைவு, அதெல்லாம் கதைக்காகச் சொல்வது. எழுதத் தெரியாதவர்கள் சரியாகத்தான் பிடிப்பார்கள். பிடித்துக்கொண்டு, நாங்கள் முதலில் கதைக்கட்டும் என்று பொறுத்திருப்பார்கள். பத்தொன்பது வருடம் என் மேசைக்கு முன்னால் அந்தப் பொறுமையைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைத்தாள் விர்ட்சிக்குத் தந்திரமும் இல்லை ஒன்றும் இல்லை. மனிதருக்கு எழுதத் தெரியாது!

அமெரிக்கப் பொலிஸுக்கு இருபத்தைந்து வருடம் விளங்காதது மன்னார்க் கச்சேரி இலிகிதனுக்கு ஒரு மீன்கடையில் விளங்கிவிட்டது. சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் இதைத் தெரிந்தவனை இவர்கள் சும்மா விடுவார்களா?

ஜனவரி 14

ஒரு கெட்ட எண்ணம் இன்று முழுக்க என்னோடு திரிந்தது. எழுதி வைக்கிறேன், எழுதினால் போகட்டும். "கடதாசிக்கு வழி பண்ணுங்கோ, இல்லாட்டி நத்தாருக்கு வந்த ரெண்டு பேருக்கும் நான் ஒரு கதை சொல்லுவன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கிளறா மூன்று மாதத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்து எழும்பிவிடுவாள்.

சொல்லமாட்டேன். பயத்தால் மட்டும் இல்லை. என் மேசையில் எழுதத் தெரியாதவனை ஒருநாளும் வெட்கப்படுத்தியது கிடையாது. பியோன் சிரித்தால் பியோனுக்குத்தான் என்னிடம் ஏச்சு விழும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சின்யோரா பூசைக்குப் போன நேரம். ஒரு முத்திரை மைப்பெட்டி வாங்கி வைத்திருந்தேன். துவாய்க்குக் கீழே அதையும், ஒலிவ் எண்ணெய் தடவிய துணியையும் கொண்டுபோய்ப் படிவத்தை விரித்தேன். கச்சேரியில் சொல்வதைத்தான் சொன்னேன், அதே குரலில்:

"சேர், எங்கட நாட்டில கையெழுத்து எண்டு கனபேரிட்டைக் கேக்கிறேல்லை. பெருவிரல் அடையாளம் எடுப்பம். பெரிய பெரிய காணிக்காரரும் வைக்கிறவை. நான் சாட்சியாக் கீழ எழுதுவன். அது சட்டம்."

என்னைப் பார்த்தார். ஆண்டவரே, அந்தப் பார்வை! அந்தப் பதினொரு பேரும் கடைசியாகப் பார்த்தது இதைத்தானோ என்று நினைத்தேன். சவரக்கத்தி மேசையில் இருந்தது. நான் கதவை எண்ணவில்லை, சன்னலை எண்ணவில்லை, முழங்காலில் அப்படியே நின்றேன்.

"எப்ப கண்டுபிடிச்சனீ?"

"மீன்கடையில."

மைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். "இந்த விரல் அமெரிக்கப் பொலிஸிட்ட ஏற்கெனவே இருக்கு. பத்தும் இருக்கு. எடு."

மை தடவி, விரலை இடமிருந்து வலமாக உருட்டி எடுத்தேன். நல்ல தெளிவான அடையாளம். துடைத்துவிடும்போது சொன்னார்: "இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சது. மூண்டாவது ஆளுக்குத் தெரிஞ்சால் உன்ரை வாயாலதான் போயிருக்கும்."

"ஓம் சேர்."

கிளறாவுக்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். 'அலுவல் முடிந்தது' என்று எழுதினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

முட்டாள். முட்டாள். விசரன். பத்தொன்பது வருடம் என்று பெருமை வேறு!

குவெஸ்தூராவில் நாலு மணித்தியாலம் வரிசையில் நின்று படிவத்தை நீட்டினேன். பொலிஸ்காரன் பெருவிரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தாலியில் இது செல்லாதாம். இப்படி ஒரு வழக்கமே இங்கே இல்லையாம். கையெழுத்து வைக்க முடியாதவர் கொமூனே என்ற நகரசபை அலுவலகத்துக்கு நேரில் போய், அங்கே இருக்கிற உத்தியோகத்தருக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் வாயால் சொல்ல வேண்டுமாம், ஏன் முடியாது என்பதையும் சேர்த்து. சாட்சிக்கு நானும் சரிவரமாட்டேன். பயன் பெறுகிறவன் சாட்சி வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? மன்னாரில் எத்தனை பேரை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

"உன்ரை முதலாளிக்கு எழுதத் தெரியாதோ?" என்று கேட்டான். பெயர் படிவத்தில் இருக்கிறது. படிவத்தை இழுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உலகம் முழுக்க மன்னார்க் கச்சேரி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதுதான் என்ரை அறிவு.

பிப்ரவரி 8

கிழவரிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி?

"ரெண்டு சாட்சிக்கு முன்னால?"

"ஓம் சேர். கை நடுங்குது எண்டு சொல்லலாம். எழுதத் தெரியாது எண்டு சொல்லத் தேவையில்லை."

"ஏன் எண்டு கேட்டால் பிறகு டொக்டரிட்டைப் போ எண்டுவான், பேனையைப் பிடிச்சுக் காட்டு எண்டுவான். இல்லை." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "இல்லை, ஜாக்."

பிப்ரவரி 25

ஒன்றும் இல்லை. சூப். சவரம். பேப்பர். கிழவர் இப்போது "பழக்கம் வரட்டும்" என்று சொல்வதில்லை. "வாசி" என்று மட்டும் சொல்கிறார்.

மார்ச் 3, ஞாயிறு

றமேஸுக்கு வெள்ளிக்கிழமை சரிவந்துவிட்டது. அவனுடைய கொம்பனிக்காரன் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தானாம். சந்தோசமாகத்தான் இருக்கிறது. சந்தோசமாக இல்லை.

கிளறாவின் கடிதம், ஜனவரி முதலாம் திகதி போட்டது. 'எப்ப கூப்பிடுவீங்கள் என்று கேட்கமாட்டேன், கேட்டால் நீங்கள் கவலைப்படுவீர்கள்.' கேட்டுவிட்டாளே.

மார்ச் 10, ஞாயிறு

இதை ஆறுதலாக எழுத வேண்டும்.

குசினியில் குந்தியிருந்து கிளறாவின் கடிதத்தைத் திரும்பவும் வாசித்துக்கொண்டிருந்தேன். கிழவர் வாசலில் நின்றார். தனியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

"எத்தினை தரம் வாசிப்பாய்?"

"தெரியாது சேர்."

"என்ன எழுதியிருக்கிறாள்?"

சொன்னேன். தறப்பாள், காய்ச்சல், கேட்கமாட்டேன் என்று கேட்டது, எல்லாம். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, அலுமாரிக்குக் கீழே கைகாட்டினார். ஒரு பிஸ்கற் தகரப்பெட்டி. அதற்குள்ளே நூலால் கட்டிய கடிதங்கள். நாற்பத்தொன்று. அமெரிக்க முகவரி, இத்தாலி முத்திரை. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

"என்ரை மனுசி. நுன்சியா. நான் அங்கை போகேக்க இஞ்சை விட்டிட்டுப் போனன். எட்டு வருசம் எழுதினவள். பிறகு நெஞ்சு வருத்தத்தில செத்துப்போனாள்."

"அவவுக்குத் தெரியாதோ, உங்களுக்கு..."

"தெரியும். ஆரும் வாசிச்சுக் காட்டுவினம் எண்டு நினைச்சிருப்பாள்."

"ஏன் காட்டேல்லை?"

"அங்கை போய் முதல் கிழமையே, ஒரு பெரியவனுக்கு முன்னால, கடதாசி வாசிச்ச ஆள் மாதிரிக் கதைச்சுப்போட்டன். அவன் நம்பினான். எல்லாரும் நம்பினாங்கள். பிறகு ஆரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?" கட்டிலில் இருந்தார். "உடை."

மேலே இருந்ததை உடைத்தேன். கன்னியாஸ்திரிமாரிடம் படித்த கை, அழகான எழுத்து. ஆடு குட்டி போட்டது, தாயின் முழங்கால் வலி, எதிர் வீட்டுக் கலியாணம். என் இத்தாலியனில் தட்டுத் தடுமாறி வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னேன். எதிர் வீட்டுக்காரியின் பெயர் வந்தபோது கிழவர் சிரித்தார். இந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கடிதம். 1951 என்று போட்டிருந்தது. வாசிக்கும்போது என் வாய் நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டினனீ? வாசி."

வாசித்தேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'உன்னிடம் வரப் பாஸ்போர்ட் கேட்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். கலியாணம் செய்த பெண்ணுக்குக் கணவன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். பயப்படாதே, கஸ்பாரே. எழுதத் தெரியாதவர்கள் அங்கே இத்தாலியக் கொன்சல் அலுவலகத்தில் இரண்டு சாட்சிக்கு முன்னால் வாயால் சொன்னாலும் போதும் என்று பாதர் விசாரித்துச் சொன்னார். ஒரு நிமிட வேலை. வெட்கப்படாதே. எனக்கு முன்னால் நீ வெட்கப்பட்டதில்லையே.'

கிழவர் சன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். போகச் சொன்னார். போனேன்.

நாற்பத்தைந்து வருடம் அந்தக் கடிதம் இந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அவருக்காக அழவோ? செத்த பதினொரு பேருக்கும் மனுசிமார் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக யார் அழுதார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நுன்சியாவுக்காக அழுதேன். கிளறாவுக்காகவும்தான், பொய் சொல்வானேன்.

மார்ச் 19

அர்ச்சிஷ்ட சூசையப்பர் திருநாள். சின்யோரா சூசையப்பரைக் கும்பிட்டுச் சாப்பாட்டு மேசை வைத்திருந்தாள், அக்கம்பக்கம் எல்லாம் வந்து சாப்பிட்டது. கிழவர் அறையைவிட்டு வரவில்லை. ஒன்பது நாளாக என்னோடு ஒரு சொல் இல்லை. கடிதத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லவும் இல்லை. மார்ச் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 27, புதன்

சவரம் முடிந்ததும்: "நாளைக்குக் கறுத்தக் கோட்டை எடுத்து வை. பார்பர் சல்வோவுக்கும் வாசல்காவல் தானோவுக்கும் சொல்லு, பத்து மணிக்கு."

"சேர், அந்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சால் ஒரேத்தோ முழுக்க—"

"தெரியும்."

மார்ச் 28, வியாழன்

கொமூனே அலுவலகம். கறுத்தக் கோட்டு, தொப்பி, கைத்தடி. ஒரு பக்கம் நான். பின்னால் பார்பரும் வாசல்காவலும், என்ன ஏது என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. வரிசையில் நின்ற ஒரு வயதானவர் கிழவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இரண்டு மூன்று பேர் விலகி வழி விட்டார்கள். கிழவர் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, வரிசையிலேயே நின்றார். ஐம்பது நிமிடம். என் தோளில் அவருடைய பாரம் முழுக்க.

மேசையில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். பெயரை வாசித்ததும் அவள் முகம் இறுகிவிட்டது. எழும்பவும் இல்லை, கதிரை கொடுக்கவும் இல்லை. இந்த நகரத்தில் அவளுக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும், நான் ஏன் கேட்கிறேன்.

"கையெழுத்து வைக்கமாட்டீர்களா?"

"இல்லை."

நான் முந்திக்கொண்டேன். "சின்யோரா, அவருக்குக் கை நடுக்கம்—"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அவர் சொல்ல வேண்டும். கை முடியாதா, எழுதத் தெரியாதா? அதை எழுத வேண்டும்."

அந்த ஒரு நேரம்தான். 'கை' என்று சொன்னால் போதும். தப்ப வாசல் திறந்துதான் இருந்தது, நானே திறந்தும் விட்டேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். கழற்றி என் கையில் தந்தார்.

"தெரியாது" என்றார்.

"சத்தமாகச் சொல்லுங்கள். சாட்சிகளுக்குக் கேட்க வேண்டும்."

"எனக்கு எழுதத் தெரியாது. வாசிக்கத் தெரியாது. ஒரு நாளும் தெரிஞ்சதில்லை."

பார்பரின் வாய் திறந்தபடி நின்றது. வரிசையில் தொப்பியைக் கழற்றிய அந்த வயதானவர் அதைத் திரும்பப் போட்டுக்கொண்டதை நான் கண்டேன். பெண் எழுதினாள், இரண்டு சாட்சியும் கையெழுத்து வைத்தார்கள், முத்திரை குத்தினாள். உண்மையாகவே ஒரு நிமிட வேலை.

படியில் இறங்கும்போது கிழவர் கேட்டார்: "அந்த முத்திரை சரிதானோ? நீ பார்த்தனியோ?"

"பார்த்தனான் சேர். சரி."

மார்ச் 29

குவெஸ்தூராவில் கொடுத்தேன். எடுத்தார்கள். பற்றுச்சீட்டு என்னிடம்.

ஏப்ரல் 14

போன ஞாயிறு பாஸ்குவா, உயிர்த்த ஞாயிறுத் திருநாள், ஒருவரும் வரவில்லை. போன வருடம் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். மேசையில் சின்யோரா வைத்த கனோலி ஒன்றுகூடக் குறையவில்லை. கிழவரோடு அவள் கதைப்பதில்லை. என்னைக் கண்டால் குசினிக் கதவைச் சாத்துகிறாள். பார்பர் கடையில், "வெள்ளைத்தாள் எண்டால் உண்மையாவே வெள்ளைத்தாள்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம், றமேஸ் சொன்னான். உள்ளூர்ப் பேப்பரிலும் ஒரு சின்னத் துண்டு. அதையும் கிழவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"எத்தினை வரி?"

"ஆறு வரி சேர்."

"அமெரிக்காவில முழுப்பக்கம் போட்டவங்கள்" என்றார். பிறகு பெட்டியை எடுக்கச் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடிதம் என்று கணக்கு. நான் இரண்டு வாசிக்கக் கேட்டாலும் விடமாட்டார்.

அந்தப் பதினொரு பேரைப் பற்றி இன்று கேட்டுவிட்டேன். எனக்கே தெரியாது எப்படி வாய் வந்தது என்று. "பாதரிட்டைச் சொல்ல வேண்டியதை உன்னட்டைச் சொல்லேலாது" என்றார். பாதரைக் கூப்பிடட்டோ என்று கேட்டேன். பெட்டியை மூடச் சொன்னார்.

செப்டெம்பர் 20

பெர்மெஸ்ஸோ! என் படம், என் பெயர், முத்திரை. குவெஸ்தூரா வாசலிலேயே குந்தி அழுதேன். வெட்கம் கெட்ட அழுகை. கிழவர் அதைக் கையில் வாங்கி, அந்தப் பழைய பார்வையால் முழுக்கப் பார்த்தார். "இதில உன்ரை பேர் எங்கை?" காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தந்தார். கிளறாவைக் கூப்பிடும் படிவத்தை நாளைக்கே தொடங்க வேண்டும்.

1997 பிப்ரவரி 11

விடிய ஐந்து மணிக்குக் கிழவர் போய்விட்டார். பாதரைப் போன கிழமை அவராகவே கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கடைசியாகச் சவரம் செய்தேன். கீறல் இல்லை.

பிப்ரவரி 13

அடக்கம். சின்யோரா, நான், பார்பர் சல்வோ, வாசல்காவல் தானோ, றமேஸ். சவப்பெட்டி தூக்க ஆள் போதாமல் அடக்கக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் பிடித்தார்கள்.

தகரப்பெட்டியைச் சின்யோரா குப்பையோடு வைத்திருந்தாள். வாசிக்காத கடிதம் ஏழு மிச்சம் இருந்தது. நடுவில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பல ஞாயிறு தவறிப்போயிற்று. உடைக்கவில்லை. சவப்பெட்டியை மூடுவதற்கு முதல் அவர் கைக்குக் கீழே வைத்துவிட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

1997 மே 18, ஞாயிறு

நேப்பிள்ஸ் கப்பல் ஏழு மணிக்கு. நான் ஐந்துக்கே துறைமுகத்தில். றமேஸ் உள்ளே வேலைக்காரன் என்பதால் கயிறு கட்டும் இடம் வரைக்கும் விட்டார்கள்.

மெலிந்துபோனாள். தலை நரைத்திருக்கிறது. அந்த நீலச் சீலை, நான் வெளிக்கிட்ட அன்று கட்டியிருந்தது. முதலில் என் கையிலிருந்த பூவைத்தான் பார்த்தாள், பிறகுதான் என்னை. இரண்டு பேருக்கும் ஒன்றும் கதைக்க வரவில்லை. பெட்டியை நான் வாங்க, அவள் விடாமல் பிடித்திருக்க, இரண்டு பேரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டே கன தூரம் நடந்தோம்.

பஸ்சுக்கு நிற்கும்போதுதான் முதல் கதை கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் போட்ட கடிதமெல்லாம் கிடைச்சதோ?"

"ஓம்" என்றேன். "எல்லாம் கிடைச்சது. எல்லாம் வாசிச்சன்."